இது எத்தனாவது பிரசவம்

ஜன்னல் பக்கம் நீயே இருந்துக்கோ தாயி. எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான், காலை நீட்ட எடம் கெடைச்சாப் போதும். முந்தாநேத்துல இருந்து இது நாலாவது பஸ்ஸு. முதுகு விட்டே போச்சு.

அந்த ஃபைலை ஏன் அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே, நான் ஒண்ணும் பிடுங்கிற மாட்டேன். எத்தனை மாசம்? ஏழா. முதல் பிள்ளையா? சரி சரி, பதில் சொல்லண்டாம், நான் சும்மா கேட்டேன். ரத்தம் மட்டும் என்ன வகைன்னு சொல்லு. பாசிட்டிவா? அப்பச் சரி. நெகட்டிவ்னாத்தான் நான் பேசணும். பாசிட்டிவ்னா நீ பாட்டுக்கு நிம்மதியா வரலாம்.

நான் நர்சு இல்ல தாயி. ஜாக்கெட்டு தைக்கிறவ. பாவூர்சத்திரத்துல மார்க்கெட்டுக்குப் பின்னால வீடு. எட்டாங்கிளாஸோட சரி. ஆனா இந்த மூணு மாசத்துல பிரசவப் பாடம் பூராவும் எனக்கு மனப்பாடம். பிள்ளை எப்படித் திரும்பும், தலை எப்ப இறங்கும், நஞ்சுக்கொடி விழலைன்னா எத்தனை நிமிசம் பொறுக்கலாம், எல்லாம் சொல்லுவேன். பரீட்சையில என்னைய உக்கார வச்சிருந்தா நான் பாஸாயிருப்பேன். என் மகதான் ஃபெயிலாயிட்டா.

சுபாஷினி. ஒத்தப் பிள்ளை. டாக்டருக்குக் கடைசி வருசம். மத்ததெல்லாம் பாஸு, ஓ.ஜி. ஒண்ணுல மட்டும் போயிருச்சு. ஓ.ஜி.ன்னா இந்தப் பிள்ளைப்பேறு, கர்ப்பப்பை, அதுக்கான பாடம். எழுத்துப் பரீட்சையில இல்ல. நோயாளி பக்கத்துல நின்னு செய்யுற பரீட்சை இருக்குல்லா, அதுல. மாசமா இருக்க ஒரு பொம்பளையக் கட்டில்ல படுக்க வச்சு, இந்தா இதான் உன் கேஸு, முக்கா மணி நேரம் தாரோம், என்ன ஏதுன்னு கேட்டு எழுதுன்னு விட்டுருவாவளாம். அப்புறம் பெரிய டாக்டர்மாரு நாலு பேரு சுத்தி நின்னு குடைவாவளாம். இவ போன தடவ அந்த அம்மாகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்ச மாதிரி கேட்டிருக்கா. அந்த அம்மா ஒண்ணு சொல்ல, இவ ஒண்ணு எழுத. பரீட்சை வைக்க வந்த டாக்டர் சொன்னாராம், "நீ அவங்ககிட்ட எதுவும் கேக்கலைம்மா. நீ படிச்சதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கே"ன்னு. அதோட சரி.

கூடப் படிச்சதுவ எல்லாம் வெள்ளக் கோட்டை மாட்டிக்கிட்டு வார்டு வார்டா சுத்துதுவ. இவ பெட்டியக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா. மூணு மாசம் கழிச்சு மறுபரீட்சை. அதுலயும் போச்சுன்னா இன்னும் ஒரு ஆறு மாசம். இவ அப்பா யூனியன் ஆபீசுல கிளார்க்கு. ஆபீசுல எல்லாரும் "மக டாக்டராயிட்டாளா, டாக்டராயிட்டாளா"ன்னு கேக்காவளாம். அந்தக் கோவத்தைக் கொண்டுவந்து எங்கிட்ட எறக்குவாவ. பிள்ளை ஃபெயிலானா அம்மா வளப்பு, பாஸானா அப்பா மூளை. எல்லா வீட்டுலயும் அப்படித்தானே.

வந்த ரெண்டாம் நாளு இவ சொல்லுதா, "எம்மா, எனக்குப் பாடம் தெரியும். மனுசருகிட்டப் பேசத்தான் தெரியல. நீ நோயாளியா படு."

எனக்குக் கல்யாண சீசன். நாப்பது ஜாக்கெட்டு வெட்டாமக் கெடக்கு. இருந்தாலும் படுத்தேன். பெத்தாச்சே, என்ன செய்ய.

அந்தப் பரீட்சையில எத்தனை சட்டம் இருக்குங்கே? நோயாளிக்கு வலது பக்கம்தான் நிக்கணும். இடது பக்கம் நின்னா மார்க்கு போச்சு. எங்க கட்டிலு வலது பக்கம் சுவத்தை ஒட்டிக் கெடக்கும். அதுக்காகக் கட்டிலையே திருப்பிப் போட்டோம். எங்க வீட்டு அவுக வந்து பாத்துட்டு, வடக்க தலை வச்சா யாரு படுக்கான்னு சத்தம் போட்டாவ. "நீங்க படுக்காண்டாம், மாசமா இருக்கவதான் படுக்கணும்"னு சொல்லிட்டேன். அப்புறம் ஸ்கிரீன் போடணும். என் பழைய வாயில் சேலையை ஜன்னல் கம்பியில இருந்து பீரோ கைப்பிடி வரைக்கும் கட்டுனா. தொடுறதுக்கு முன்னால கையைத் தேய்ச்சுச் சூடாக்கணும், பச்சத்தண்ணியா இருக்க கையை வயித்துல வைக்கப்பிடாது. என் தலையணையை வயித்துல கட்டி, மேல சேலையச் சுத்தி, என் இஞ்சு டேப்பை எடுத்தே அளந்தா. இத்தனை வாரத்துக்கு இத்தனை செண்டிமீட்டர்னு கணக்கு இருக்கு. தலையணை முப்பத்திரெண்டு வாரம் இருந்துச்சு.

அதுக்கப்புறம் கேப்பா. "வணக்கம்மா. நான் சுபாஷினி, டாக்டருக்குப் படிக்கேன். உங்ககிட்டக் கொஞ்சம் பேசலாமா? நீங்க என்ன தொந்தரவுக்காக வந்திருக்கீங்க?"

ஒனக்கு இது சிரிப்பா இருக்கும். எனக்கு முத நாளு கண்ணு கலங்கிட்டு. நீங்கன்னு சொல்லுதால்லா. அதுக்காக இல்ல. என்ன தொந்தரவுன்னு என்னைய யாரு கேட்டா இந்த நாப்பத்தாறு வருசத்துல? காப்பி ஆச்சா, ஜாக்கெட்டு ஆச்சா, சட்டைக்குப் பித்தான் வச்சாச்சா, இதானே கேப்பாவ. தினமும் ரெண்டு மணிக்கு அவுக சாப்பிட்டு ஆபீசுக்குத் திரும்பிப் போனதும் நானே போய்ப் படுத்துக்கிடுவேன். ஒரு நாளைக்கு எட்டு மாசம், கால் வீக்கம். ஒரு நாளைக்கு இரட்டைப் பிள்ளை. ஒரு நாளைக்கு மூணாவது மாசத்துல வாந்தி, சோறு எறங்கல. நல்லாச் செய்வேன் பாத்துக்கோ. ஒரு தடவ இவளே பேனாவ வச்சுட்டு, "எம்மா, நெசமாவே தலை சுத்துதா?"ன்னு தண்ணி கொண்டாந்தா.

மத்த நேரம் நான் மெஷின்ல இருப்பேன், அவ வாசிப்பா. இங்கிலீஷ்ல ஒரு பக்கம் வாசிச்சு, அதை எனக்குத் தமிழ்ல சொல்லணும். எனக்கு வெளங்குற மாதிரி சொல்லிட்டா அவளுக்கு மனசுல நிக்குமாம். எனக்கு வெளங்கலைன்னா திரும்ப வாசிப்பா. அப்படித்தான் நான் பிரசவப் பாடம் படிச்சது. இவ பேச்சும் பழகிட்டு வந்துச்சு. பக்கத்து வீட்டு ரோசம்மா வந்தா, அவகிட்டக்கூட முகத்தைப் பாத்துப் பேச ஆரம்பிச்சா. இந்தத் தடவ பாஸாயிருவான்னு நான் நெனச்சேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, அவ ஒரு நாளு அதைக் கேக்க வரைக்கும்.

"எம்மா, இன்னைக்குக் கற்பனை வேண்டாம். உன் கதையவே சொல்லு. நெசமா நடந்ததைச் சொல்லுறப்ப ஆளுங்க முன்ன பின்ன சொல்லுவாங்க. அதைக் கேட்டு ஒழுங்குபடுத்தப் பழகணும்."

சரின்னு சொன்னேன். எத்தனை தடவ உண்டானீங்க? ரெண்டு தடவ. உயிரோட எத்தனை? ஒண்ணு, இன்னா முன்னால நிக்குதே. சிரிச்சுக்கிட்டே எழுதுனா. இன்னொண்ணு? எட்டாம் மாசத்துல வயித்துக்குள்ளேயே போயிருச்சு, ஆம்பளப் பிள்ளை, உடம்பு பூரா நீர் கோத்து வந்துச்சு. முதல் பிள்ளை பிறந்தப்ப ஏதாவது பிரச்சினையா? பிறந்த அன்னைக்கே மஞ்சப் பூசுன மாதிரி ஆயிருச்சு, பெரிய ஆஸ்பத்திரியில வச்சு உடம்பு ரத்தத்தையே மாத்துனாவ. உங்க ரத்தம் என்ன வகை? நெகட்டிவ். வீட்டுக்காரருக்கு? பாசிட்டிவ்.

இதெல்லாம் அவளுக்குத் தெரிஞ்ச கதைதான். ரத்தம் மாத்துனதைச் சொல்லித்தான் அவ அப்பா சின்னப் பிள்ளையில இருந்து கேலி செய்வாவ, இது யாரு ரத்தமோ, நம்ம பேச்சைக் கேக்காதுன்னு. அன்னைக்கு அவளுக்கு ஒரே சந்தோசம். "எம்மா, நானே ஒரு கேஸும்மா"ங்கா. அந்தத் தாளை ஃபைல்ல வச்சுக்கிட்டா.

மூணு நாளு கழிச்சு அந்தப் பாடம் வந்துச்சு. நெகட்டிவ் ரத்தப் பாடம். நான் ஒரு கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டுக் கையில ஜரிகை வச்சுத் தைக்கேன். இவ வாசிச்சுட்டுத் தமிழ்ல சொல்லுதா. அம்மாவுக்கு நெகட்டிவ், பிள்ளைக்கு அப்பா மாதிரி பாசிட்டிவ்னு வச்சுக்கோம்மா. முதல் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. பிள்ளை ரத்தம் அம்மா உடம்புக்குள்ள கொஞ்சம் கலந்துரும். அம்மா உடம்பு அதை அடையாளம் பாத்து வச்சுக்கும். அடுத்த பிள்ளை வாரப்பதான் சண்டைக்குப் போகும். அதான் முதல் பிள்ளை பிறந்ததுமே, இல்ல கலைஞ்சதுமே, ஒரு ஊசி போட்டுரணும். போடலைன்னா அடுத்த பிள்ளைக்கு மஞ்சக் காமாலை வரும், அதுக்கு அடுத்தது...

அதோட நிறுத்திட்டா.

அவ நிறுத்துனா எனக்கும் மெஷின் நின்னுரும், பழகிட்டுல்லா. நான் என்னன்னு திரும்பிப் பாக்கேன். அவ புத்தகத்தைப் பாக்கல, என்னையும் பாக்கல. என் கதைய எழுதுன அந்தத் தாளை எடுத்து வச்சுக்கிட்டு விரலை மடக்கி எண்ணிக்கிட்டிருக்கா.

மறுநாளு மத்தியானம் அவுக சாப்பிட்டுக்கிட்டிருக்காவ. நான் ரசம் ஊத்துதேன். இவ தட்டுல கையை வச்சுக்கிட்டே கேக்கா, "எம்மா, எனக்கு முன்னாடி ஏதாவது உண்டாகிக் கலைஞ்சுதா?"

அவுக நிமிந்தாவ. நான் இல்லைன்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லும்மான்னா. இல்லைன்னு சொல்லுதேன்லா, சாப்பிடுன்னேன். ரசம் தட்டைத் தாண்டி ஓடுது. அவுக, "சோத்துல இருக்கப்ப என்ன பிள்ள கேள்வி இது"ன்னாவ. அப்புறம் என்னையவே பாத்துக்கிட்டு மோரு ஊத்திச் சாப்பிட்டாவ.

அவுக தெரு முக்கு திரும்பியிருக்க மாட்டாவ, இவ மெஷின் பக்கத்துல வந்து உக்காந்துட்டா. "எம்மா, இப்ப வீட்டுல யாரும் இல்ல. எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் டாக்டரு மாதிரிதானே." ஸ்கேலு கையில இருந்துச்சு. மரஸ்கேலு. ஓங்கி அவ கையில ஒண்ணு போட்டுட்டேன். பத்து வயசுக்கப்புறம் அவளை நான் அடிச்சதே இல்ல. டாக்டராப் போற பிள்ளைய அடிச்சேன் தாயி. இருபத்தி நாலு வயசுப் பிள்ளைய. அவ கையை இழுக்கக்கூட இல்ல.

"புத்தகத்துல போட்டதெல்லாம் சரியாயிருமா?"ன்னு கத்துனேன். "தையல் புத்தகத்துல போட்ட அளவு எல்லா உடம்புக்கும் சேருதா? புத்தகம் எழுதுனவன் என் வயித்துக்குள்ள வந்து பாத்தானா?" அவ எந்திச்சுப் போயிட்டா.

நீ எங்க எறங்கணும்? தென்காசியா. எனக்குப் பின்னாலதான். சரி. நீ யாரோ நான் யாரோ. இனி நாம பாக்கப் போறதில்ல.

நான் சொன்னது பொய்.

பத்தொம்பது வயசுல திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தேன். எங்க அக்கா அங்கதான் வாக்கப்பட்டிருந்தா. அங்க ஒருத்தன். கட்டிங் டேபிள்ல நிப்பான். பேரு வேண்டாம். கல்யாணம் பண்ணிக்கிடுவான்னுதான் நெனச்சேன், எல்லாரும் அப்படித்தானே நெனைக்கோம். நாலரை மாசம் வரைக்கும் அக்காவுக்கே தெரியாது. தெரிஞ்சதும் ஒரு நர்சம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. மத்தியானம் போனோம், விளக்கு வைக்க முன்னால திரும்பி வந்துட்டோம். ஊசி போடணும்னு யாருக்குத் தெரியும்? என் ரத்தம் என்னன்னே எனக்குத் தெரியாது. அக்கா என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனா, கட்டுன புருசன் கேட்டாலும் சாமி கேட்டாலும் சொல்லப்பிடாதுன்னு. அக்காவும் போய்ச் சேந்து ஆறு வருசம் ஆவுது. இப்ப நான் ஒருத்திதான்.

இவ பிறந்தப்ப டாக்டரும் கேட்டாரு. கட்டிலுக்கு இந்தப் பக்கம் எங்க மாமியா, அந்தப் பக்கம் அவுக. "இதுக்கு முன்னாடி உண்டாகிக் கலைஞ்சுதாம்மா?" அந்த எடத்துல வச்சு நான் என்ன சொல்ல? இல்ல டாக்டர், இதான் முதல்னு சொன்னேன். அவரு என்னையப் பாத்தாரு, சரின்னு எழுதிக்கிட்டாரு. அடுத்த ஆம்பளப் பிள்ளை போனப்ப எங்க மாமியா தெருவுக்கே சொன்னா, இவ வயிறு பிள்ளை தங்காத வயிறுன்னு. நானும் பாவத்துக்குச் சாமி குடுத்த கூலின்னு நெனச்சேன். இருபத்தி ஒரு வருசமா வருசம் தப்பாம கோயிலுக்கு நடந்து போய் முடி எறக்குதேன். ஒரு ஊசிதான்னு இப்ப மெஷின்ல உக்காந்து காதால கேக்கேன். ஒரே ஒரு ஊசி. அன்னைக்கு ராவெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளை மொகம்தான்.

ஆனா சுபாவுக்கு இது எதுவும் தெரியாது. அதுல நான் நிம்மதியாத்தான் இருக்கேன். எப்படின்னு கேளு.

அடி வாங்குனதுக்கப்புறம் நாலு நாளு அவ பரீட்சைக்குப் படிக்கவே இல்ல. பரீட்சைக்கு மூணு வாரம்தான் கெடக்கு. எல்லாப் பாடத்தையும் விட்டுட்டு அந்த நெகட்டிவ் ரத்தத்தையே பொரட்டுதா. இருக்க புத்தகம் பத்தாதுன்னு சிநேகிதப் பிள்ளைகளுக்கு ஃபோனைப் போட்டு, வேற புத்தகத்துல என்ன போட்டிருக்கு, படம் பிடிச்சு அனுப்புங்கா. ஃபோனை வச்சுக்கிட்டு முழிச்சுக் கெடக்கா. நான் நெனச்சேன், நான் சொன்னதை நம்பாம என்னையக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் பாக்கான்னு. பயந்து பயந்து வந்துச்சு.

அஞ்சாம் நாளு ஞாயித்துக்கிழமை. அவுக பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "அன்னைக்கு உங்க அம்மாகிட்ட ஏதோ கேட்டியே, அது என்ன?"ன்னாவ. அவுக எதையும் மறக்க மாட்டாவ, ஆபீஸு ஃபைலு மாதிரி எடுத்து வச்சிருப்பாவ. நான் அடுப்படியில அடுப்பை அணைச்சுட்டுக் காதை இங்க வச்சுக்கிட்டேன்.

இவ சாவகாசமாச் சொல்லுதா. "அதாப்பா, எனக்குத்தான் பாடம் சரியா வெளங்கல. முதல் பிள்ளைக்கே சில பேருக்கு வரும்பா. அம்மா பிறந்தாங்கல்ல, அப்பவே ஆச்சி ரத்தம் அம்மாவுக்குள்ள கலந்திருக்கும். ஆச்சிக்குப் பாசிட்டிவா இருந்திருக்கும். அம்மா உடம்பு பிறந்த அன்னைக்கே அதை அடையாளம் வச்சுக்கிட்டுது. அதனாலதான் நான் முதல் பிள்ளையா இருந்தும் எனக்கு வந்துச்சு. ரொம்ப அபூர்வம். அதுக்குப் பேரே பாட்டி கணக்குன்னுதான் புத்தகத்துல போட்டிருக்கு. இந்தாங்க, படம் பாருங்க."

ஃபோனை அவுக கையில குடுத்தா. அவுக கண்ணாடியப் போட்டு வாசிச்சாவ. இங்கிலீஷு தெரியும்லா. "அப்ப உங்க ஆச்சிதான் எல்லாத்துக்கும் காரணம்"னு சொல்லிட்டு எந்திச்சுப் போயிட்டாவ. எங்க அம்மா செத்துப் பதினஞ்சு வருசம், இந்தப் பழியும் அவ தலையில போய் விழுந்துச்சு. விழுந்தா விழட்டும், நான் அவளுக்கு ஒரு தேங்கா உடைச்சுக்கிடுதேன்.

பாத்தியா? நான் சொன்ன மாதிரியே புத்தகத்துல வேற வழியும் இருக்கு. நாலு நாளு தேடுனா, அவளே கண்டுபிடிச்சா, அவளே நம்பிட்டா. அதோட அந்தப் பேச்சை எடுக்கல. படிச்ச பிள்ளைகளுக்குப் புத்தகத்துல இருந்தாப் போதும். எனக்கு அன்னைக்குத்தான் சோறு எறங்குச்சு.

ஒரே ஒரு வருத்தம். அதுக்கப்புறம் அவ என்னையப் படுக்கச் சொல்லவே இல்ல. ரெண்டு மணியாச்சுன்னா நானாப் போய்க் கட்டில்ல உக்காந்து பாப்பேன். "நீ தைம்மா, உனக்கு வேலை கெடக்கு"ன்னுருவா. வெறும் தலையணையைப் படுக்க வச்சு, கையைத் தேய்ச்சுச் சூடாக்கிக்கிட்டு, அதுகிட்ட மெதுவாப் பேசுவா. வணக்கம்மா, நான் கொஞ்சம் பேசலாமா. நான் இந்தப் பக்கம் சேலைக்கு வெளிய இருந்து கேட்டுக்கிட்டிருப்பேன். நான் என்ன தலையணையை விடக் கேடா போயிட்டேனா? எத்தனை நாளு எட்டு மாசமாக் கெடந்திருக்கேன் அவளுக்காக. கேக்கவும் முடியல. கேட்டா மறுபடியும் எங்கிட்டு வந்து நிக்குமோ.

முந்தாநேத்து கெளம்புனப்ப நானும் வாரேன்னேன். வேண்டாம்னு சொல்லுவான்னு நெனச்சேன், சரின்னுட்டா. நேத்துப் பூரா ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில உக்காந்திருந்தேன். உள்ள என்ன நடக்கோ, எந்தப் பக்கம் நிக்காளோன்னு என் வலது கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மூணு மணிக்கு மேல வந்தா. முகத்துல ஒண்ணும் தெரியல. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காப்பி வாங்கிக் குடுத்தப்புறம்தான் சொன்னா.

இவளுக்கு வந்த கேஸு ஒரு இருபத்தெட்டு வயசுப் பொம்பளையாம். ஒம்பதாம் மாசம். கார்டுல முதல் பிரசவம்னு எழுதியிருக்கு. மாமியாக்காரி கட்டிலு பக்கத்துலேயே நிக்காளாம், இவ கேக்கதுக்கெல்லாம் அவதான் பதில் சொல்லுதாளாம். முன்னாடி உண்டாச்சான்னு கேட்டதுக்கு அந்தப் பொம்பளையும் இல்லைன்னு தலையாட்டிட்டாளாம். இவ அந்தப் பொம்பளை வயித்தைப் பாத்திருக்கா. பிள்ளை உண்டானா வயித்துல வரி விழும்லா, ஒனக்கும் இப்ப விழுந்திருக்கும். புது வரி செவப்பா இருக்குமாம், பழைய வரி வெளுத்துப் போயி வெள்ளிக் கம்பி மாதிரி இருக்குமாம். அந்தப் பொம்பளைக்கு ரெண்டும் இருந்திருக்கு. இவ மாமியாக்காரிகிட்ட, "நான் சோதிச்சுப் பாக்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு அனுப்பிட்டு ஸ்கிரீனை இழுத்து விட்டுருக்கா. கையைத் தேய்ச்சு வயித்து மேல வச்சுக்கிட்டுக் கேட்டிருக்கா. கேள்வியாக் கூடக் கேக்கலையாம். "நீங்க என்ன சொன்னாலும் இந்தத் திரையத் தாண்டாது"ன்னு மட்டும் சொன்னாளாம்.

அந்தப் பொம்பளை சொல்லிட்டாளாம். முன்னாடி ஒருத்தனுக்கு வாக்கப்பட்டிருந்ததும், ஒரு பிள்ளை நெறமாசத்துல செத்துப் பிறந்ததும். இந்த வீட்டுல மறைச்சுக் கட்டிக் குடுத்திருக்காவ. முன்ன ஒரு பிள்ளை அப்படிப் போயிருந்தா இந்தப் பிரசவத்தை வேற மாதிரிப் பாக்கணுமாம், தெரியாம விட்டா இதுவும் போனாலும் போயிருமாம். "பெரிய டாக்டருகிட்ட மட்டும் சொல்லட்டுமா, வேற யாருக்கும் புரியாம சொல்லுதேன்"னு இவ அனுமதி கேட்டாளாம். தாள்ல எழுதல. டாக்டர்மாரு வந்து நின்னதும், மாமியாக்காரியும் கூடவே வந்து நின்னாளாம். இவ எல்லாத்தையும் இங்கிலீஷ்லேயே சொல்லிட்டா. மாமியாக்காரி தலையத் தலைய ஆட்டிக்கிட்டு நின்னாளாம்.

அதுல ஒரு டாக்டரம்மா அதே இங்கிலீஷ்ல கேட்டிருக்காவ. "இவங்க முதல்ல இல்லைன்னுதானே சொன்னாங்க. பொய் சொல்றாங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

நீ என்ன சொன்னேன்னு நான் கேட்டேன். சுபா என்னையப் பாக்கல, பஸ்ஸு போர்டையே பாத்துக்கிட்டிருந்தா. "அவங்க பொய் சொல்லல மேடம். சொல்ல முடியாத எடத்துல வச்சு நான் கேட்டுட்டேன். தப்பு கேட்டவ மேலதான்னு சொன்னேம்மா"ன்னா.

இதை எந்தப் புத்தகத்துல படிச்சாளோ. மூணு மாசமா எல்லாத்தையும் நான் காதால கேட்டிருக்கேன், எனக்கு இப்படி ஒண்ணு வாசிச்சதே இல்ல. டாக்டரம்மா இவ தோள்ல தட்டிட்டுப் போனாவளாம். பாஸு போட்டுருவாவன்னு இவ சொல்லுதா. ராத்திரி அங்க அவ சிநேகிதி ரூம்ல தங்குனோம், இன்னும் ரெண்டு நாளு வேலை இருக்குன்னு அவ அங்கேயே இருந்துட்டா. என்னைய பஸ் ஏத்தி விட்டுட்டு, பஸ்ஸு கெளம்புற வரைக்கும் ஜன்னலு வழியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கூட்டம் அம்புட்டும் பாக்குது. என்ன பிள்ளையோ.

எனக்கு அந்தப் பொம்பளை நெனப்பாவே இருக்கு. பாவம், எத்தனை வருசம் உள்ளேயே வச்சுக்கிட்டுக் கெடந்தாளோ. சொன்னதுக்கப்புறம் அழுதாளான்னு இவகிட்டக் கேட்டேன். இல்லம்மா, தூங்கிட்டாங்கன்னா. டாக்டர்மாரு இவகிட்டக் கேள்வி கேட்டுக்கிட்டிருக்கப்பவே, கட்டில்லயே, வாயைத் தொறந்துக்கிட்டு அசந்து தூங்கிட்டாளாம். யாரும் எழுப்பல.

ஆலங்குளம் தாண்டியாச்சா? நீ ஏன் தாயி கண்ணைத் துடைக்கே. எனக்கும் என்னமோ அசத்துது, கண்ணைத் தொறக்க முடியல. கொஞ்சம் உன் தோள்ல சாஞ்சுக்கிடுதேன். பாவூர்சத்திரம் வந்தா எழுப்பி விடு.